உதவிப் பணமும் உழைப்பும்



அரசாங்க உதவிப் பணத்தைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாயைப் பார்த்து, "சோம்பேறி, இருந்து தின்கிறாள்" என்று தீர்ப்புக் கூறுவது எளிது. அத்தீர்ப்பு நியாயமானதுதானா? கனடா தேசத்தில் நடந்த ஒரு சோதனை ஏற்பாட்டைக் கொண்டு இதை ஆராய்வோம்.

துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஏழைப் பெற்றோருக்கு அத்தேசத்து மாகாண அரசுகள் மாதந்தோறும் உதவிப் பணம் கொடுத்து வந்தன. வேலைக்குப் போனாலோ, சம்பளம் ஏற ஏற உதவி குறையும். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கூலி, போய்வரும் செலவு ஆகியவற்றையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே. இந்நிலையில் வீட்டிலிருப்பவளைச் சோம்பேறி என்பதா, கணக்கு அறிந்தவள் என்பதா?

1992-ல் நியூ பிரன்ஸ்விக், பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் இரு மாகாணங்களில் சோதனை தொடங்கிற்று. ஓராண்டுக்குக் குறையாமல் உதவி பெற்று வந்தவர்களில், சீட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் வாரம் 30 மணி நேர வேலை தேடிக்கொண்டு உதவியை விட்டுவிட்டால், மூன்றாண்டு வரை சம்பளத்தோடு ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கப்படும். குறித்த வருமான அளவுக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியே அத்தொகை. இவர்களுள் முழுநேர வேலைக்குப் போனவர்கள், வாய்ப்புப் பெறாதவர்களைப் பார்க்கிலும் தொடக்கத்தில் ஏறக்குறைய இரு மடங்காயினர்.

"உழைப்பதற்கு லஞ்சமா?" என்று சிலர் கேட்கலாம். லஞ்சமாவது நியாயத்தைப் புரட்டக் கொடுக்கும் பணம். இதுவோ, உழைப்பின் பலன் உழைத்தவள் கையிலேயே தங்கும்படி செய்த ஏற்பாடு. இதை லஞ்சம் என்பது தகாது.

ஆயினும் மறுபக்கத்தையும் காண வேண்டும். சேர்மானத் தொகையைப் பெற்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. வேலை அகப்படாதவரும் கைக்குழந்தையை விட்டுப் பிரிய இயலாதவரும் என்ன செய்வர்? அத்தொகை நின்றபின், மற்றவர்களும் படிப்படியாக வேலைக்கு வந்தமையால், வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பில் சிறிது முன்னேறினர். வளர்ந்த பிள்ளைகளிடமோ சில குறைகள் தோன்றின. தாய் வெளியே உழைக்கும்போது வீட்டில் அவள் செய்துவந்த வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும் அன்றோ?

ஆகவே சம்பள உதவியோடு பிள்ளைகளைப் பேணும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் நியாயம் நிறைவுறும். நாமும் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், உழைத்தால் அவர் கையில் மிஞ்சுவது என்ன, அந்நேரம் அவர் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்னும் இரு கேள்விகளையும் கேட்கக் கடவோம்.