முளையை நிறுத்தும் நேரம்

விதைக்குள் இருக்கும் மாவு முழுவதும் குருத்துக்கான கட்டுச்சோறு. இலை விட்டு வெயிலில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வரை அதைத் தின்றுதான் குருத்து வளர்ந்தாக வேண்டும். மாவை மாவாகவே தின்ன அதனால் முடியாது. தண்ணீர் பட்டதும் விதை நொதிகளைச் சுரக்கிறது. அவை மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக அறுத்துச் சர்க்கரையாக்குகின்றன. நொதி போதிய அளவு ஊறி, மாவு இன்னும் பெரிதாகச் செலவாகாமல் இருக்கும் ஒரு பொழுது உண்டு. அந்தப் பொழுதில் முளையை நிறுத்தி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். விட்டுவிட்டால் நாற்று.

இத்தனை வருடம் கேழ்வரகு முளைகட்டிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தத் தொழிலில் செய்வது கொஞ்சம், சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் அதிகம்.

*

திருச்சி காந்தி மார்க்கெட்டில் கேழ்வரகு வாங்கும்போது ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். பழைய சரக்கில் ஒரு மக்கல் வாடை இருக்கும். அது பாதிதான் முளைக்கும். இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தொங்கவிடுவது அம்மா காட்டிய வழி. சித்திரையில் மறுநாளே வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். மார்கழியில் அவசரப்படுத்த முடியாது. மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். விதை மூச்சுவிடுகிற சூடு அது. பிரித்து உதறி, காற்றுப்படுத்தி, மறுபடி முடிந்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே புளித்துப்போகும்.

அரியமங்கலத்தில் மொட்டை மாடியில் தானியம் காயவைப்பவர்கள் காற்றின் திசையைப் பார்த்துத்தான் துணி விரிப்போம். ஏறக்குறைய 47 ஏக்கரில் பரந்து கிடந்த குப்பைக் கிடங்கு எங்கள் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கோடையில் அது பற்றி எரிந்த நாள்களில் விரித்த துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறோம். கிடங்கு எரிவதற்கும் காரணம் நுண்ணுயிர்தான். காற்றுப்புகாத அடுக்குகளில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது, ஒரு பொறி போதும். நுண்ணுயிரின் வேலை, அதற்கு நாம் கொடுக்கும் இடத்தைப் பொறுத்து உணவாகவும் ஆகிறது, புகையாகவும் ஆகிறது. பள்ளியில் வேதியியல் நடத்திய காலத்தில் இதைப் பிள்ளைகளுக்கு மாடியிலிருந்தே காட்டியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

*

கெட்டியான அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம். கரண்டி நிற்கிற பதம். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதிநிலைக்கு வெகு கீழே. தெர்மாமீட்டரில் 65 டிகிரி. அதில் முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு கரண்டி போட்டுக் கலக்குகிறேன். சில நிமிடத்தில் கஞ்சி இளகுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்டியிலிருந்து தண்ணீராக வழிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் சேர்க்கவில்லை. சர்க்கரையும் போடவில்லை. நாக்கில் வைத்தால் இனிக்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டிங்சர் அயோடின் ஒரு சொட்டு. ஆரம்பத்தில் எடுத்துவைத்த கஞ்சியில் விட்டால் கருநீலம். இளகி இனித்த கஞ்சியில் விட்டால் அயோடினின் பழுப்பு அப்படியே நிற்கிறது. மாவுச்சத்து போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எத்தனையோ வகுப்பில் செய்து காட்டியதுதான், ஒவ்வொரு முறையும் மனம் நின்றுபோகிறது.

குழந்தைகளுக்கு இந்த மாவைக் கொடுப்பதன் காரணமும் இதுவே. இளகிய கஞ்சியில் அதிக மாவைக் கரைக்கலாம். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்துப் போகும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் போன்றவர்கள் கேழ்வரகு மால்ட்டை வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுதானியங்களில் முளைகட்டுவதற்குக் கேழ்வரகைப்போல வாகானது குறைவு. பாட்டிகள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

*

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கள் சமைக்கும் செய்தி வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் பாட்டு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டுப்பிழாவில் ஆறவைத்து, புற்றுக்குள் இருக்கும் குரும்பி போன்ற ஓர் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அந்த அடையை நெல்முளை என்று கொள்வோர் உண்டு. வீட்டில் சமைத்த தோப்பி என்ற கள்ளும் அதே பாட்டில் இருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப நிற்பது அந்த ஆறவைக்கும் இடத்தில். அடை முளையால் ஆனதாக இருக்கட்டும், நுரைக்க வைக்கும் உயிர் ஊறிய கட்டியாக இருக்கட்டும், கொதிக்கும் களியில் போட்டால் இரண்டும் செத்துப்போகும். அதனால்தான் அகன்ற வாய்ப் பாத்திரம், பரப்பிவைத்த களி. நொதி என்று ஒன்று இருப்பதை எவரும் சொல்லித்தராத காலத்தில், சூடு எந்த அளவு இறங்கியபின் கலக்க வேண்டும் என்பது ஒருத்தியின் கைக்குத் தெரிந்திருந்தது. அவள் பெயர் பாட்டில் இல்லை. அவள் செய்த வரிசை இருக்கிறது, ஒரு படி பிசகாமல்.

*

அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை; விற்கக் கூடாது, சாராயமாக வடிக்கக் கூடாது. அவன் ஆம்பர் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுவதை அடுக்களை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். என் கேழ்வரகுக் கிண்ணத்தில் நடந்தது அங்கே பெரிய எவர்சில்வர் அண்டாவில் நடந்தது.

நாலரைக் கிலோ வெளிர் பார்லி மால்ட், அரைக் கிலோ கிரிஸ்டல் மால்ட். உமி கிழியாமல் குருணையாக உடைத்திருந்தான். கிரிஸ்டல் மால்ட்டில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். கடித்தால் கண்ணாடியாக உடைந்தது. உள்ளே கருகாத வெல்லத்தின் ருசி. ஈர முளையை உலர்த்தாமல் அப்படியே 65 டிகிரிப் பக்கம் மூடிவைத்தால், உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகிவிடும். அதன்பின் வறுத்தால் அந்தச் சர்க்கரை உள்ளேயே பாகாகி இறுகும். ஏலின் செம்பழுப்பு நிறம் இந்தக் கைப்பிடி தானியத்திலிருந்து வருகிறது. இவ்வளவு சின்ன உமிக்குள் அடுப்பும் பாத்திரமும் பாகும் அடங்கியிருப்பதை நினைத்து வெகுநேரம் அந்தத் தானியத்தை மென்றுகொண்டிருந்தேன்.

துணிப்பையில் மால்ட்டைப் போட்டு 67 டிகிரித் தண்ணீரில் ஒரு மணி நேரம். 62, 63 என்று இறக்கினால் ஒரு வகை நொதி அதிகம் வேலை செய்து, ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடக்கூடிய சர்க்கரை வரும். பானம் வறண்டு நிற்கும். 70 பக்கம் போனால் அந்த நொதி மடியும், இன்னொன்று தொடரும். ஈஸ்ட் தின்ன முடியாத நீளமான சர்க்கரைகள் மிஞ்சும். பானத்துக்குக் கனம் வரும். மால்ட்டின் ருசி வாயில் தங்க வேண்டும் என்பதால் 67. நாலைந்து டிகிரி வித்தியாசம்தான், குடிப்பவருக்கு அது வேறு பானம்.

“அத்தை, அடுப்ப அணைச்சிடவா? ஒரு மணி நேரம் ஆயிடுச்சு.”

“அயோடின் இருக்காப்பா?”

இருந்தது. ஒரு வெள்ளைத் தட்டில் சொட்டு வைத்தோம். நீலம் வரவில்லை.

பையைத் தூக்கி வடியவிட்டபின் கொதி. மேலே புரதம் நுரைத்துப் பொங்கி, பிறகு திரிந்து அடங்கியது. ஹாப்ஸை அப்போதுதான் முதலில் போட்டான். பச்சை உருண்டைகளாக, கஞ்சாக் குடும்பத்துச் செடியின் பெண்பூவை அரைத்து அழுத்தியது. அதன் கசப்புப் பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது. நெடுநேரம் கொதித்தால்தான் உருமாறிக் கரையும். அதற்குள் வாசனை எல்லாம் ஆவியாகிவிடும். ஆகவே கசப்புக்கு ஒரு பங்கு ஆரம்பத்தில், வாசனைக்கு ஒரு பங்கு இறக்கும் தறுவாயில். அவன் போட்டது கேஸ்கேட் என்ற வகை, அமெரிக்காவின் ஆரிகனில் 1972இல் வெளியிடப்பட்டது. அடுப்பை அணைத்ததும் வீடெங்கும் பம்பளிமாஸ் தோல் உரித்த மணம். இமாசலத்தில் லாஹூல் பள்ளத்தாக்கிலும் ஹாப்ஸ் விளைகிறது. நீண்ட கோடைப் பகலும் கடுங்குளிரும் கேட்கும் கொடி. காவிரிக் கரைக்கு வராது.

குளிர்வித்து, ஈஸ்ட் தூவி, மூடி, 19 டிகிரி வைத்த குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டான். இனி இரண்டு வாரம் கை வைக்கக் கூடாது என்றான். முன்பே காய்ச்சிவைத்திருந்த புட்டி ஒன்றைத் திறந்து எனக்கு அரை டம்ளர் ஊற்றினான். என் வயதில் முதல் முறை. முதலில் ரொட்டியின் மொறுமொறுத்த ஓரம் போன்ற இனிப்பு. அது நாக்கின் பின்பக்கம் போகும்போது கசப்பு எதிரே வந்து நின்றது. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. போதை என்று ஏதும் தெரியவில்லை. தானியம் தெரிந்தது.

*

இதை அரியமங்கலத்தில் செய்ய முடியாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வீட்டில் மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. ராஜாஜி அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது பிறந்த சட்டம். 1971இல் விலக்கு நீங்கியது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி கடை திறந்தது, 1983இல் டாஸ்மாக் வந்தது, 1987 முதல் கள்ளுக்கும் தடை. இத்தனை மாற்றத்திலும் அந்தச் சட்டம் நிற்கிறது.

நான் அதை மீற விரும்பவில்லை. எங்கள் தெருவில் சம்பள நாளன்று வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும் பெண்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் வீட்டுக்காரர்கள் குடிப்பது கரும்பாலை மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் கூட்டிய சரக்கு. நின்ற இடத்தில் ஒரே மூச்சில் ஊற்றிக்கொள்கிறார்கள். அதில் தானியமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அந்தப் பெண்கள் முன்னால் நின்று வீட்டில் காய்ச்சும் உரிமை வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது.

ஆனால் ஈஸ்ட் தூவுவதற்கு முந்தைய படி வரை எல்லாம் நம்முடையது. ஊறவைப்பது, முளைகட்டுவது, நிறுத்துவது, வறுப்பது, இளஞ்சூட்டில் இனிக்கவைப்பது. மதுவோடு சேர்த்து இந்த அறிவையும் நாம் தொலைத்துவிடக் கூடாது. மால்ட் என்றால் டப்பாவில் வரும் பவுடர் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

*

வைகாசி வெயிலில் எங்கள் அடுக்களை 38 டிகிரி. ஏல் ஈஸ்ட் இந்தச் சூட்டில் வேகவேகமாகத் தின்று, கரடுமுரடான ஆல்கஹால்களைக் கக்கிவிடும் என்றான் மருமகன். நார்வேயின் மேற்குப் பண்ணைகளில் க்வைக் என்றொரு ஈஸ்டைத் தலைமுறையாக உலர்த்திப் பாதுகாத்து வந்திருக்கிறார்களாம். அது 35, 40 டிகிரியில்தான் சந்தோஷமாக வேலை செய்யுமாம். பனி பெய்யும் நாட்டில் நம் ஊர்ச் சூட்டைக் கேட்கும் உயிர் ஒன்று இருப்பதைக் கேட்டதிலிருந்து அதை மறக்க முடியவில்லை.

*

காந்தி மார்க்கெட் பார்லி முளைக்காது. தீட்டி, முளைக்கருவையும் எடுத்துவிட்ட மணி அது. அதனால் கேழ்வரகு மால்ட்டையே வறுத்து 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டிப் பார்த்தேன். முழுக்க வறுத்தால் நொதி செத்துவிடும் என்பதால் பாதியை வறுக்காமல் சேர்த்தேன். வடித்த சாறு செம்பழுப்பு. பங்குனியில் பொறுக்கி உலர்த்திய வேப்பம்பூ ஒரு சிட்டிகையைக் கொதியில் ஆரம்பத்திலும், ஒரு சிட்டிகையை இறக்கும்போதும் போட்டேன். சித்திரை முதல் நாள் பச்சடியில் வெல்லத்தோடு வேப்பம்பூவைச் சேர்க்கும் நாக்குக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. இறக்கும்போது போட்ட பூவில்தான் தேன் வாசனை நின்றது. அன்று சாயங்காலமே சூடாகக் குடித்து முடித்துவிட வேண்டும். இரவு வைத்திருந்தால் காற்றில் உள்ள ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

*

போன வாரம் போன் வந்தது.

“அத்தை, உங்க கேழ்வரகு மாவு கொஞ்சம் அனுப்புங்களேன். அடுத்த ஆம்பர்ல சேர்த்துப் பாக்குறேன்.”

நேராக அண்டாவில் கொட்டாதே என்றேன். கேழ்வரகின் மாவுச்சத்து குழைவதற்குப் பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும். 67இல் போட்டால் பாதி குழையாமலே அடியில் தங்கும். தனியாகக் களி கிண்டிக்கொள். வாய் அகன்ற தட்டில் பரப்பி ஆறவை. 67க்கு இறங்கியதும் பார்லி மால்ட்டோடு கலந்துவிடு. களியில் செத்த நொதிக்கு ஈடாகப் பார்லியில் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஐந்து கிலோவில் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், கேழ்வரகுக்கு உமி இல்லாததால் வடிவது தடைப்படும்.

பக்கத்து வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம் ஏறுகிறான். ஒரு கிலோ லேசாக வறுத்தது, பொட்டலம் கட்டியாகிவிட்டது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறேன்: முதலில் களி, பிறகு ஆறவை, பிறகு மால்ட்.