கூடும் மாங்காயும்

பிளவக்கல் பெரியாறு அணைப் பக்கம், மலையடிவாரத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரோடு ஒரு காலை முழுக்க நடந்தேன். ஆசிரியராக இருக்கும் நண்பர், துணைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று கூப்பிட்டிருந்தார். பிள்ளைகளுக்குக் காட்டைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு வனவர். காக்கிச் சட்டை, கையில் ஒரு குச்சி.

சாம்பல் நிற அணில்தான் அன்றைய பாடம். அதற்காகத்தான் 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது.

வனவர் அணிலைத் தேடவில்லை. அண்ணாந்து பார்த்துக் கூடுகளை எண்ணச் சொன்னார். கிளைகள் பின்னிக்கிடக்கும் உச்சியில் இலையும் சுள்ளியும் சேர்த்துக் கட்டிய உருண்டைகள்.

"ஒன்பது சார்" என்றான் ஒருவன்.

"அப்ப எத்தனை அணில்?"

"ஒன்பது."

"உங்கிட்ட எத்தனை சட்டை இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரே அணில் பல கூடுகள் கட்டும், சிலது கைவிட்ட பழைய கூடாகவும் இருக்கும் என்று அவர் விளக்கினார். மரத்துக்கு மரம் கிளை தொடும் இடமாகப் பார்த்து ஏன் கட்டுகிறது என்று கேட்டார். அது தரைக்கு அதிகம் இறங்காது. கழுகு வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினால் அதன் பாதையே அறுந்துபோகும். பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்த எனக்கு, அளப்பதற்கும் அறிவதற்கும் உள்ள தூரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் ஒரு சிறுமி கேட்டாள். "சார், எங்க தோப்புலயும் கூடு இருக்கு. மாங்காயப் பூராம் கடிச்சுப் போட்டுருது. எங்கப்பா வெடி போட்டு விரட்டுவாரு. அது தப்பா சார்?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் வனவரைப் பார்த்தேன். அவள் கேட்டது வெறும் சந்தேகம் அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உடுப்பாகவே அணிந்து நிற்கும் ஒருவரிடம் தன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். தப்பு என்றால் அப்பா குற்றவாளி. தப்பில்லை என்றால் காலையிலிருந்து சொன்ன பாடம் பொய்.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா மாணவருக்கும் கட்டாயம் வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "வீட்டில் போய்ச் சொல்லுங்கள்" என்று முடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. பெரியவர்களிடம் நேரே பேச முடியாததை அவர்களுடைய பிள்ளைகளின் வாயில் வைத்து அனுப்புகிறோம். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிறுத்துகிறோம்.

அப்படியானால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அணிலைப் பற்றிச் சொல்லவே கூடாதா? அதுவும் அநியாயம். அப்பாவுக்குத் தெரிந்ததோடு மகளின் அறிவு நின்றுவிட வேண்டும் என்று சொல்ல நாம் யார்? தவிர, அந்தத் தோப்புக்குப் பாயும் தண்ணீர் இந்த மலைக்காட்டிலிருந்துதான் இறங்குகிறது. காடு அவருக்கும் கொடுக்கிறது.

ஆனாலும் கணக்கு நேராகவில்லை. தண்ணீர் அணைக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் வருகிறது. கடிபட்ட மாங்காய் அவர் ஒருவருடையது. பலன் பரவலாகப் போகிறது, செலவு ஒரு வேலிக்குள் விழுகிறது. காட்டை நேசி என்று சொல்வது எனக்குச் சுலபம். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற நான் அணிலுக்காக இதுவரை ஒரு மாங்காய்கூட இழந்ததில்லை. இழப்பில்லாதவன் இழப்பவனுக்கு நேசம் கற்பித்தால், அது உபதேசமாகத்தான் காதில் விழும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இந்த வேலையைப் பற்றி யோசித்த ஃப்ரீமன் டில்டன் 1957இல் ஒரு புத்தகம் எழுதினார். பார்வையாளருக்குத் தகவலைக் கொட்டுவது நோக்கமல்ல, யோசிக்கத் தூண்டுவதே நோக்கம் என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் தூண்டிவிட்ட யோசனை நம் பக்கமே திரும்பி வந்தால் என்ன செய்வது? அப்போது வாயை அடைத்தால், அதுவரை சொன்னது அறிவியல் அல்ல, பிரச்சாரம்.

வனவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வெடி போடக்கூடாது பாப்பா. அது சட்டம். ஆனா உங்கப்பா நட்டம்னு சொல்றதும் நெசந்தான். இன்னைக்குக் கூட்ட எண்ணுனோம்ல, அதே மாதிரி கடிச்ச மாங்காயையும் எண்ணு. எது அணில் கடிச்சது, எது வௌவால் கடிச்சதுன்னு பாத்து எழுது. ரெண்டும் ஒரே நோட்டுல இருக்கட்டும்."

அது முழுத் தீர்வில்லை. மாங்காய்க்கு விலை யார் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பெரியவர்களும் அரசும்தான், அந்தச் சிறுமி அல்ல. ஆனால் அவர் சட்டத்தை மறைக்கவில்லை, நட்டத்தையும் மறைக்கவில்லை. அப்பாவின் முறையீடு தவறு என்று சொல்லாமல் அதையும் ஒரு தரவாக ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்குக் காட்டைக் கற்பிக்கிற எவருக்கும் குறைந்தபட்சக் கடமை இதுதான் என்று நினைக்கிறேன்: அழகைச் சொல்லும்போதே, அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்பதையும் சொல்லிவிடுவது.

திரும்பும்போது பேருந்தில் அவள் எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், வண்டி குலுங்கக் குலுங்க, நடுவில் ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் 'கூடு' என்று எழுதினாள். வலது பக்கம் 'மாங்காய்'.