பிறர் வீட்டுச் சொல்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர் வட்டாரத்தில் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. கொரியாவில் கிம்ச்சி புளிக்க ‘ஒங்கி’ என்னும் மண்சாடி. பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துப் பக்கம் கொரிய மொழி படிப்பவருக்கு முதலில் பிடித்துப்போகும் சொல் இதுவாகத்தான் இருக்கும். கூடவே, ‘ஓங்கு’ என்ற நம் வினையோடு அதை முடிச்சுப் போடும் ஆசையும் வரும். உயரமான சாடி, ஆகவே ஒங்கி! ஆனால் சாடி, கலம் என்று பொருள்படும் இரண்டு சீன வேர்கள் சேர்ந்த சொல் அது. பெயர் பொருளோடு இயல்பாகவே பிறந்ததா, மக்கள் ஏற்படுத்திய வழக்கா என்ற பழைய விவாதம் இங்கே மீண்டும் எழுகிறது. இயல்பு என்பார் வேத விளக்க மரபினரான மீமாம்சகர். ஏற்பாடு என்பார் தர்க்க மரபினரான நையாயிகர். நாற்காலிக்கு ‘உய்ஜா’, கதவுக்கு ‘முன்’, தட்டுக்கு ‘ஜொப்ஷி’ என்று கொரியர் சொல்வதைக் கேட்டால் நையாயிகர் பக்கமே சாயத் தோன்றுகிறது. அந்த ஒலிகளை எத்தனை முறை உருட்டினாலும் பொருள் வெளிவராது. யாராவது கைகாட்டினால்தான் உண்டு.

‘அம்மா’வும் ‘அப்பா’வும் அங்கேயும் ஏறக்குறைய அப்படியேதானே என்று கேட்கலாம். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இல் இலக்கணமே எழுதினார். ஆனால் உதடு சேர்ந்து பிறக்கும் இந்த ஒலிகள் குழந்தைக்கு எங்கும் எளியவை. தொடர்பே இல்லாத பல மொழிகளிலும் பெற்றோரைக் குறிக்கின்றன. மொழியுறவை நிறுவ அவை போதா. பிறர் சொல்லை நம் சொல்லோடு முடிச்சுப் போடும் இந்த ஆசைக்கு மறுப்பு மீமாம்சகர் முகாமிலிருந்தே வந்திருப்பதுதான் வேடிக்கை. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரிலபட்டர் தம் ‘தந்திரவார்த்திகம்’ நூலில், தென்னாட்டார் சோற்றைக் குறிக்கும் சொல்லை வடமொழிச் ‘சோரன்’ (திருடன்) ஆக்கியும், வயிற்றை ‘வைரி’ (பகைவன்) ஆக்கியும் பொருள் காண்போரைச் சாடுகிறார். பிறர் சொல்லுக்குப் பொருளை அவர்கள் வழக்கிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. அன்று நம் சோற்றுக்கு நேர்ந்ததை இன்று நாம் கொரியரின் சாடிக்குச் செய்கிறோம்.

பெயர் வெறும் ஏற்பாடு என்றால் இறைவன் திருநாமமும் ஒட்டிய சீட்டுதானா என்பது கனமான ஆட்சேபம். விருத்தாசலத்துக் கோயிலிலேயே விடை இருக்கிறது. பழமலைநாதர் என்றாலும் விருத்தகிரீஸ்வரர் என்றாலும் சாமி ஒன்றுதான். எந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாலும் பக்தி குறைவதில்லை. தலைமுறைகள் சொல்லிச் சொல்லி வந்த வழக்கு அந்தப் பெயர்களுக்குக் கனம் தந்திருக்கிறது. வீட்டுச் சாமானுக்கும் இதே கதைதான். ஒங்கியின் நுண்துளைகள் வழியே காற்று போய்வரும், உள்ளே இருப்பது புளிக்கும். மெருகிட்ட நம் பீங்கானில் காற்று புகாது. ஆகவே ‘ஒங்கி என்றால் ஜாடி’ என்று குறித்துக்கொள்பவர் பாதிதான் கற்றிருக்கிறார். கொரியச் சொல்லுக்குத் தமிழ் வேர் தேடும் நேரத்தில், அந்தப் பாத்திரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.