சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யலாமா?



குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்கவியல் கற்பித்த வயோதிகக் குருவானவர், வாரத்துக்கு ஒரு மனச்சாட்சி வழக்கைப் பலகையில் எழுதிப்போட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பார். வழக்கில் வருகிறவர்கள் எப்பொழுதும் தீத்தியுஸ், காயுஸ் என்ற இரண்டு லத்தீன் மனிதர்களே. தீத்தியுஸ் காயுஸின் மாட்டைத் திருடி விற்றுவிடுவான். வாங்கினவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்று நாங்கள் சாப்பாட்டு நேரத்திலும் மல்லுக்கு நிற்போம். இந்த வாரம் உங்களுக்கும் ஒரு வழக்கு வைக்கிறேன். தீத்தியுஸ் வேண்டாம். கல்வராயன் மலைப் பையன் ஒருவன் போதும்.

வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. தாய் காலஞ்சென்றாள். தகப்பன் கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போய் ஒரு வருஷமாகத் தகவல் இல்லை. மாமன் வீட்டில் இருந்தான். அங்கே ஏதோ சச்சரவு. துணிப்பையோடு வெளியே வந்துவிட்டான். இப்பொழுது இரவில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் படுக்கை. விடியுமுன் பள்ளிக்கூடக் குழாயில் குளித்து, இருக்கிற ஒரு சட்டையை அலசி, ஈரத்தோடே போட்டுக்கொள்கிறான். மத்தியானச் சத்துணவில் இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறான். (2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் காலையில் பசிக்கும்.)

மாணவர்க்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பிலுள்ள ஆசிரியை அந்த ஈரச் சட்டையைக் கவனித்துவிட்டார். தனியே அழைத்துக் கேட்டார். பையன் தலை நிமிராமல், “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர், அப்பத்தான் சொல்லுவேன்” என்றான். பாவம், மனம் இளகி, “சத்தியமாகச் சொல்லமாட்டேன்” என்றுவிட்டார். பிறகு எல்லாம் கொட்டினான். ஏன் ஒளிக்கிறாய் என்றதற்கு, “ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க. தங்கச்சி மலையில ஆயாகூட இருக்கா. அவளையும் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்க” என்றான்.

அவர் வாக்கைக் காக்கக் கடமைப்பட்டவரா? இதுதான் வழக்கு.

இந்தப் பையன் எந்த ஒரு பையனுமல்லன். கண்டும் கேட்டும் அறிந்த பலரைச் சேர்த்து நான் செய்த பிள்ளை. ஊரும் பேரும் தேடவேண்டாம். ஆனால் கதைதானே என்று தள்ளிவிடவும் வேண்டாம். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு பஸ்ஸில் ஏறினவர்களுக்குத் தெரியும். அந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தாரர் கையில் இருந்த பூமி. இன்றும் மரவள்ளியும் சாமையும் போதாமல், குடும்பம் குடும்பமாக வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். அம்மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்துக்கொண்டது.

அதே வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், பேரில் 5 லட்சம் வைப்புத்தொகையும் அரசாங்கம் அறிவித்தது. நல்லதே. அந்தத் துக்கம் எல்லாருக்கும் தெரிந்த துக்கமாயிருந்ததால் கணக்கெடுக்க முடிந்தது. நம்முடைய பையன் வீட்டை இழந்ததோ ஒரே நாளில் அல்ல, கொஞ்சங் கொஞ்சமாக. அவனுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அவனே ஏறவொட்டாமல் மறைக்கிறான். ஆகவே அந்த ஆசிரியையின் மௌனம் சின்ன விஷயமல்ல. இந்த உலகத்தில் அவன் நிலைமையை அறிந்த ஒரே வாய் அது.

ஒழுக்க நூலார் இரகசியத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். இயல்பாகவே மறைக்கத்தக்கது ஒன்று: பக்கத்து வீட்டுச் சண்டை நம் காதில் விழுந்தால் அதைப் பரப்பலாகாது. வாக்குக் கொடுத்ததால் மறைக்கவேண்டியது இரண்டாவது. வைத்தியரிடமும் வக்கீலிடமும் சொல்வதுபோல் நம்பி ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. மூன்றிலும் இதுவே கனமானது. ஆசிரியையிடம் இருப்பது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த இரகசியம். என்றாலும் அர்ச். அக்குவினாஸ் தோமையார் என்ன தீர்க்கிறார் தெரியுமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எக்காரணத்தாலும் சொல்லலாகாது. மற்ற இரகசியமோ, ஒருவனுக்குப் பெருந்தீங்கு வருமென்றால், அதைத் தடுக்கும்படி உரியவரிடம் சொல்லவே கடமைப்பட்டிருக்கிறோம். வாக்குக் கொடுத்தேனே என்பது அங்கே சாக்கு ஆகாது.

ஆசிரியைமார் சிலர் என்னிடம், “சாமி, நீங்கள் மட்டும் பாவசங்கீர்த்தன இரகசியத்தை உயிர்போனாலும் காப்பீர்கள், எங்களைச் சொல்லச் சொல்கிறீர்களே” என்று கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. அந்த ஆசனத்தில் குரு மனிதனாக இருந்து கேட்கிறதில்லை. கேட்டதை வைத்து அவர் செய்யக்கூடிய உலக காரியமும் ஒன்றுமில்லை. ஆலோசகர் கேட்பதே ஏதாகிலும் செய்யும்பொருட்டு. தன் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்பதானால் அவர் கேட்டு என்ன பயன்?

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும். உதவிக் குருவாயிருந்த நாளில், வேறொரு பங்கில், இப்படியொரு பையன் என்னிடம் வந்தான். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, கோயில் திண்ணையில். ஒருவரிடமும் சொல்வதில்லையென்று வாக்குக் கொடுத்தேன். என்னை நம்பினானே என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது; இப்பொழுது தெரிகிறது. அவ்வப்போது சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன், பழைய போர்வை ஒன்று கொடுத்தேன். ஐப்பசி மழையில் ஒரு காலை பூசைக்கு மணியடிக்க வந்தபோது போர்வை மாத்திரம் மடித்து வைத்திருந்தது. எங்கே போனான், யாரோடு போனான்? தேடுவதற்கு அவனுடைய ஊர்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வாக்கை மாத்திரம் காப்பாற்றிவிட்டேன்.

அப்படியானால் பையனுக்குத் தெரியாமல் நேரே போனை எடுத்து 1098-க்குச் சொல்லிவிடலாமா? சட்டம் என்னவோ கண்டிப்பானதுதான். 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற பிள்ளையைக் கண்டவர்கள் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும், கொடாதது குற்றம். ஆனால் அதே சட்டத்தை முழுதும் வாசித்துப் பாருங்கள். பிள்ளை சொல்வதைக் கேட்கவேண்டும் என்கிறது. சொந்தக் குடும்பத்தாரிடம் சேர்க்க முயலவேண்டும், இல்லங்களில் விடுவது கடைசி வழியாக இருக்கட்டும் என்கிறது. அவன் நடுங்குகிற பூதத்தில் பாதி அந்தப் பக்கங்களில் கரைந்துபோகிறது. ஆயாவோடு இருக்கவோ, தங்கையைப் பிரிக்கவேண்டாமென்று குழந்தைகள் நலக் குழுவின் முன் கேட்கவோ அவனுக்கு உரிமை உண்டு. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் என்று ஏற்பட்டது. இதையெல்லாம் அவனுக்கு யார் சொன்னார்கள்?

சொல்லவேண்டியவர் அந்த ஆசிரியைதான், அதுவும் வேறெவருக்கும் சொல்லுமுன். அவனை உட்காரவைத்து, “தம்பி, நான் கொடுக்கக்கூடாத வாக்கைக் கொடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது. இதை நான் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. யாரிடம் சொல்கிறேன், ஏன் சொல்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிட்டே சொல்வேன். நானும் கூட வருவேன்” என்று சொல்லவேண்டும். பையன் கோபிப்பான், அழுவான், இரண்டு நாள் முகங்கொடுக்கமாட்டான். அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். இனிமேலாவது, பிள்ளை வாய் திறக்குமுன்னே, “நீ சொல்வதை ஊருக்குச் சொல்லமாட்டேன், உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. பாதிப் பிள்ளைகள் சொல்லாமல் போய்விடுவார்களே என்பீர்கள். சிலர் போவார்கள். அந்தச் சிலர் மறுபடியும் வரும்வரை கதவைத் திறந்து வைத்திருக்கவேண்டியதுதான்; வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

1847-ம் வருஷம் மே மாதம், மழை கொட்டும் ஓர் இரவு, தூரின் பட்டணத்தில் அர்ச். தொன்போஸ்கோவின் வீட்டுக் கதவை ஒரு பையன் தட்டினான். அவனுக்கும் வயது பதினைந்துதான். வல்சேசியா மலைப்பக்கத்திலிருந்து கொத்து வேலை தேடி வந்த அநாதை. கையிலிருந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது. அதற்கு முன் வைக்கோற் பரணில் படுக்க இடங்கொடுத்த பையன்கள் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். ஆகவே தொன்போஸ்கோ, “திருடமாட்டாயென்றால் இடங்கொடுப்பேன்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய தாயார் மார்கரீத்தாள் சூப்புக் கொடுத்து, ஈரத்தை உலர்த்தி, செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டு அடுக்களையிலேயே படுக்கை செய்தாள். இரண்டு நல்ல வார்த்தை சொன்னாள். பிறகு பாத்திரங்கள் போய்விடுமேயென்று கதவைப் பூட்டினாள்! அர்ச்சியசிஷ்டவர் இதை ஒளிக்காமல் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பூட்டு மிகவும் பிடிக்கும். தன் அச்சத்தை மறைக்காமல் சொன்ன வீடு அது. சொல்லிவிட்டு இடமும் கொடுத்தது. அந்தப் பையனின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை.

பெயர் என்றதும், நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீடில்லாத பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ செய்தித்தாளில் மாத்திரமல்ல, இதுபோன்ற சின்னத் தாளிலும் அச்சிடச் சட்டம் இடங்கொடுக்கிறதில்லை. ஆனால் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது நடக்கிற பேச்சுக்கு எந்தச் சட்டமும் எட்டாது. “அந்த மலைப் பையன் பஸ் ஸ்டாண்டிலே படுக்கிறானாமே” என்ற ஒரு பேச்சு நம் பிள்ளைகளின் வழியாக வகுப்பறைக்குள் போனால், மறுநாள் அவன் பள்ளிக்கு வரமாட்டான். ஆசிரியை தேடும்போது பஸ் நிலையத்திலும் இருக்கமாட்டான். உரியவரிடம் ஒரு தடவை சொல்லத் துணியாத நாம், உரியவரல்லாத இருபது பேரிடம் சொல்லிவிடுகிறோமே, இது எவ்வகை இரகசியத்தில் சேரும் என்று என் பேராசிரியரைக் கேட்டிருக்கவேண்டும்.

வழக்கை நான் தீர்த்தவிதம் இது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற உங்களில் யாராவது வேறுவிதமாகத் தீர்ப்பீர்களானால், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டில் இருப்பேன்; வந்து சொல்லுங்கள்.