கண்ணாடியில் ஒரு சவரம்

பங்குனித் திருவிழாவில் ஒரு நாள், ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவரான நம்பெருமாள் ஊரை விட்டு ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார். திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், காவிரியை ஒட்டிய ஊர். அங்கே ஆஸ்தான மண்டபத்தில் அவருக்கு எதிரே ஒரு கண்ணாடி. சவரத் தொழிலாளி ஒருவர் வந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்குச் சவரம் செய்வது வழக்கம். கத்தி ஒரு முடியைக்கூட எடுப்பதில்லை. ஆனாலும் அவருக்கு மரியாதை உண்டு. பிறகு பழைய சோறும் மாவடுவும் அமுது படைக்கிறார்கள்.

இதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ரங்கன் என்ற பேரனை வளர்த்துவந்தாள் ஒரு பாட்டி. சவரம் செய்துகொண்டு குளித்துவரக் காவிரிக்குப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி ஸ்ரீரங்கத்துப் பெருமாளான அரங்கனை அழைத்தபடி காத்திருந்தாள். மழித்த முகத்தோடு பேரன் வந்தான், பழைய சோறு கேட்டான், போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, எங்கோ கீழே கரையேறிய நிஜப் பேரன் வாசலில் வந்து நின்றான். உள்ளே இருந்தவர் மறைந்தார்.

முடியே இல்லாத இடத்தில் சவரம் என்றால் அந்த வேலைக்கு என்ன பொருள்? ‘வாழ்க்கைக்கு என்ன பொருள்?’ என்ற பழைய கேள்வியின் சின்ன உருவம் இது. 1942இல் ஆல்பர் காம்யு இதே கேள்வியை, தேவர்களிடம் தண்டனை பெற்ற கிரேக்கப் புராணத்துச் சிசிஃபஸை வைத்துக் கேட்டார். மலையுச்சிக்குப் பாறையை உருட்ட வேண்டும். அது திரும்ப உருண்டுவிடும். மறுபடி உருட்ட வேண்டும். அவனை மகிழ்ச்சியானவனாகவே எண்ணிக்கொள்ள வேண்டும் என்றார் காம்யு. 1970இல் ரிச்சர்ட் டெய்லர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இன்னொரு கோணத்தில் பார்த்தார்: பாறை உருட்டும் ஆசையைத் தேவர்கள் அவனுக்குள்ளேயே வைத்துவிட்டால், அந்த வாழ்க்கை அவனுக்குப் பொருளுள்ளதாகிவிடாதா?

ஆசை இருந்தால் போதும் என்றால் ஓர் இடம் இடிக்கிறது. ஊரைக் கொளுத்துவதில் ஆசை வைத்தவனுக்கும் வாழ்க்கை பொருளுள்ளதுதானா? இங்கேதான் அறம் கதவைத் தட்டுகிறது. சரி, நல்லது செய்தால்தான் வாழ்வுக்குப் பொருள் என்று சொல்லிவிடலாமா? அப்போது நல்லது ஒரு விலையாகவும், பொருள் அதைக் கொடுத்து வாங்கும் சரக்காகவும் ஆகிவிடும்.

ஸ்ரீரங்கத்துக்கு இந்த வழக்கு புதிதல்ல. வைணவத்தின் இரண்டு பிரிவுகள் இதை இரண்டு உவமைகளில் பேசின. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்வித் தூக்கிப் போகிறது. ஈடேற உயிரின் பக்கமிருந்தும் ஒரு பற்று வேண்டும் என்பது வடகலை. இறைவன் அருளே வழி என்பது தென்கலை. எல்லாம் அருளே என்றால் மனிதன் நல்லது செய்வது எதற்கு? அது வழி அல்ல, கைங்கரியம் என்று பதில் வந்தது. கிடைக்கப்போகும் கூலிக்காகச் செய்வதல்ல. உறவு இருப்பதால் செய்வது.

1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது இந்த வழக்கு ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கியது. தென்கலையார் தங்கள் ஆசாரியராகப் போற்றும் பிள்ளை லோகாசாரியர், நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார். வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகரோ, வேதாந்த நூலான ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியையும், அதை எழுதிய சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, பிணங்களுக்கு நடுவே அசையாமல் கிடந்தார் என்கிறது குருபரம்பரை வரலாறு.

கவனித்துப் பார்த்தால் வேடிக்கை. உயிரின் முயற்சியால் ஆவதில்லை என்றவர், தாய்ப்பூனையைப்போல் பெருமாளையே தூக்கிக்கொண்டு நடந்தார். பற்று வேண்டும் என்றவர் மூச்சடக்கிக் கிடந்தார். வாதத்தில் எதிரும் புதிருமானவர்கள், ஆபத்து வந்ததும் செய்தது ஒரே வேலை: தம்மிடம் அடைக்கலமாக வந்ததைக் காத்தார்கள்.

லோகாசாரியர் வழியிலேயே, மதுரைக்கு அருகே காலமானார். நம்பெருமாள் கோயிலுக்குத் திரும்பியது 1371இல். போனதற்கும் வந்ததற்கும் நடுவே 48 ஆண்டுகள். பலனைப் பார்த்துத்தான் பொருள் என்றால், அவர் நடந்த நடை பாதியில் நின்றுபோன நடை. ஆனால் அவர் கையில் இருந்தது அடுத்த கைக்குப் போனது. அந்தக் கை அதற்கடுத்த கைக்குக் கொடுத்தது. அப்படித்தான் அது ஊர் வந்து சேர்ந்தது.

தமிழில் ‘பொருள்’ என்றால் அர்த்தம். கையில் பிடிக்கும் பண்டமும் பொருள்தான். வாழ்வின் பொருளை அர்த்தம் என்று மட்டும் எண்ணி நாம் அலைகிறோம். அது அடைக்கலப் பொருள். ஒரு குழந்தை, ஒரு சுவடி, ஓர் ஆறு, ஒரு தொழில். கொடுத்தவன் அரங்கன் என்பார் ஒருவர். முன்னோர் என்பார் இன்னொருவர். யார் கொடுத்திருந்தாலும், அதைச் சேதமில்லாமல் வைத்திருந்து உரிய கையில் சேர்ப்பதற்குப் பெயர்தான் அறம். கொளுத்துகிறவன் எவ்வளவு ஆசையோடு கொளுத்தினாலும் அவனிடம் இந்தப் பொருள் இல்லை. அவன் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஜீயபுரத்துப் பாட்டி கடவுளுக்குச் சோறு போடவில்லை. வந்தவர் யாரென்று தெரிந்திருந்தால் பழையதைப் போடக் கை கூசியிருப்பாள். பசித்து வந்த பேரனுக்குத்தான் போட்டாள். கதை சொல்கிறவர்கள் பெருமாள் மறைந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நனைந்த துணியோடு இன்னொருவன் வாசலிலேயே நிற்கிறானே! பாட்டி மறுபடி பானைக்குள் கையை விட்டிருப்பாள். அந்த இரண்டாவது கைச் சோறும் முதல் கைச் சோறும் ஒன்றேதான்.