எஞ்சியிருப்போர் கடன்

பெற்ற பிள்ளையை மண்ணுக்கு அளித்துவிட்டு வீடு திரும்பியவர்க்கு, "இனி யாருக்காக வாழ்வது?" என்னும் வினா எழுதல் இயல்பே. "எல்லாம் அநித்தியம்" என்று அவரிடம் கூறுதல் உண்மையாயினும், அவ்வேளையில் அது ஆறுதலாகாது.

பாபாசாகேப் அம்பேத்கர் இவ்வினாவின் கொடுமையை அறிந்தவர். அவர்தம் மக்கள் ஐவருள் நால்வர் இளமையிலேயே மாய்ந்தனர். கடைசி மகன் இராஜரத்னா மறைந்தது 1926-இல். வாழ்வே சுவையற்றுப் போயிற்று என அவர் நண்பர்க்கு எழுதினார். ஆயினும், 1927 மார்ச்சு 20-ஆம் நாள், மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரள்ளிப் பருகினார்; ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

துயர் தீர்ந்த பின்னரா அவர் எழுந்தார்? இல்லை; துயரைச் சுமந்தே எழுந்தார். வாழ்வதற்குரிய காரணம் முன்னதாகக் கிடைப்பதன்று. நம்மை வேண்டி நிற்போர்க்குப் பணி செய்கையில் மெல்லப் புலப்படுவது. இறந்தோரை மறவாமையும் உயிர் வாழ்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அவர்களை நினைக்க ஓர் உள்ளம் வேண்டுமன்றோ?

ஆதலின், துயருற்ற அன்பரே, இன்று ஒரு வேளையேனும் உண்ணுங்கள். ஒருவரிடமேனும் மனம் திறந்து பேசுங்கள். அண்டை வீட்டாரே, அவரைத் தனியே விடாதீர்கள்.