லட்சியத்தின் விலையைத் தருவது யார்?

புனேயில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துத் தாய் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்து வருகிறார். காலையில் சிறிது நேரம் கணக்கும் வாசிப்பும், பிறகு கைவேலை. பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கிக் கிண்ணம் செய்கிறார்கள். செம்மண் பூசிய அட்டையில் அரிசிமாவுக் கரைசலால் வார்லி ஓவியம் வரைகிறார்கள். விநாயக சதுர்த்திக்கு முன்பு, 'ஷாடு' என்று அங்கே சொல்லப்படும் களிமண்ணில் மகள் தானே ஒரு பிள்ளையார் செய்தாள். துதிக்கை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. குழந்தை உறங்கிய பிறகு தாய் ஈரக்கையால் அதைச் சற்று நிமிர்த்தி, காதுகளையும் சமப்படுத்தி வைத்தார். காலையில் மகள் பார்த்தாள். "இது நான் செய்த பிள்ளையார் இல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாளாம்.

"சுவாமிஜி, அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி. நான் இதையெல்லாம் என் குழந்தைகளுக்காகச் செய்கிறேனா, எனக்காகச் செய்கிறேனா?" என்று அந்தத் தாய் கேட்டிருந்தார்.

சட்டம் பற்றி அவர் கேட்கவில்லை. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி வெளிப்படையாக ஏதும் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழி இருப்பதால், இத்தகைய குடும்பங்கள் பலவும் அதை நம்பியிருக்கின்றன. இவையெல்லாம் அவருக்குத் தெரியும். அவரது கேள்வி வேறு. ஓர் உயர்ந்த லட்சியத்தைப் பெற்றோர் மேற்கொள்ளும்போது, அதன் விலையைப் பிள்ளை தரும்படி ஆகலாமா?

இந்தக் கேள்வியை நம் நாட்டில் எவரையும்விட ஆழமாகச் சந்தித்தவர் காந்திஜி. அவரை மகாத்மாவாக மட்டுமே பார்த்துப் பழகிய நாம், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் திண்டாடிய ஒரு தந்தையாக அவரைப் பார்ப்பதில்லை. 1897-இல் அவர் டர்பனில் இறங்கியபோது உடன் வந்த சிறுவர்கள் மூவர்: பத்து வயதான சகோதரி மகன், ஒன்பது வயது ஹரிலால், ஐந்து வயது மணிலால். ஐரோப்பியக் குழந்தைகளுக்கான பள்ளியில் அவர்களைச் சேர்த்திருக்க முடியும். அது அவருக்கு மட்டும் காட்டப்படும் சலுகையாக இருந்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு மூடியிருக்கும் கதவு தம் குழந்தைகளுக்கு மட்டும் திறப்பதை அவர் விரும்பவில்லை. ஆகவே வீட்டிலேயே கற்பிக்க முடிவு செய்தார். மாதம் ஏழு பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில ஆசிரியையை அமர்த்தினார். அதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. தாமே கற்பிக்கலாம் என்றால் நேரம் கிடைக்கவில்லை.

பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்தபோது அலுவலகத்திற்குப் போகவர ஏறத்தாழ ஐந்து மைல் நடை. மகன்களையும் உடன் அழைத்துச் செல்வார். நடந்துகொண்டே குஜராத்தியில் பேசுவதுதான் பாடம், அதுவும் வழியில் வேறு யாரும் அவரைப் பிடித்துக்கொள்ளாத நாட்களில் மட்டும். மூத்தவர் ஹரிலால் அப்போது இந்தியாவில் இருந்ததால் அந்த நடையும் அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஏழு பவுன் விலையில் வாங்கிய ஒரு மாவரைக்கும் கையியந்திரம் இருந்தது. அதன் இரும்புச் சக்கரத்தை ஒருவர் சுழற்றுவது கடினம். இருவர் சேர்ந்தால் எளிது. காந்திஜியும் நண்பர் போலக்கும் பிள்ளைகளும் சேர்ந்து அதைச் சுழற்றினார்கள். 

நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஒழுங்காக ஒதுக்கியிருந்தால் ஏட்டுக்கல்வியிலும் தம் மக்களுக்குக் குறை இருந்திருக்காது என்று அவரே 'சத்திய சோதனை'யில் வருந்துகிறார். மற்ற மகன்கள் பெருந்தன்மையுடன் மன்னித்துவிட்டதாகவும், மூத்தவர் மட்டும் தம் மனவேதனையைத் தம்மிடமும் பத்திரிகைகள் வாயிலாகவும் வெளிப்படுத்தியதாகவும் எழுதுகிறார். ஹரிலால் லட்சியமற்ற இளைஞராகவும் இருக்கவில்லை. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் பலமுறை சிறை சென்று, 'சின்ன காந்தி' என்று பெயர் பெற்றவர் அவர். ஆயினும் முறையாகப் படிக்க வேண்டும் என்ற ஏக்கம் தணியவில்லை. இங்கிலாந்தில் படிப்பதற்காக டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அளிக்க முன்வந்த உதவித்தொகை தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். தந்தை அதை வேறொருவருக்குக் கொடுத்தார். 1911-இல் ஹரிலால் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். இருபது வயதைக் கடந்த நிலையில் மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக அகமதாபாத்தில் மாணவராக உட்கார்ந்தார். அதற்குப் பின் நடந்தவை துயரமானவை.

இதைப் படிக்கும் அன்பர் சிலருக்கு மனம் சங்கடப்படலாம். மகாத்மாவின் குறையை எடுத்துக்காட்டுவது நமது நோக்கமன்று. அதை முதலில் எழுதி வைத்தவர் அவரே. நாம் சிந்திக்க வேண்டியது, எவ்வளவு தூய காரணமும் இந்தச் சிக்கலிலிருந்து தந்தையை விடுவிப்பதில்லை என்பதைத்தான். சலுகையை மறுத்தது நியாயமான செயல். ஆனால் மறுத்தவர் தந்தை, இழந்தவர்கள் பிள்ளைகள். தன் உணவைத் தான் துறப்பவன் தியாகி. மற்றவன் இலையிலிருந்து எடுத்துத் துறப்பவனை என்ன சொல்வது? ஒரு மனிதனை வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் வலியுறுத்தினார். கெட்ட நோக்கங்களுக்கு மட்டும் பொருந்துவதாக நாம் அந்த விதியை வைத்துக்கொள்கிறோம். நல்ல நோக்கத்திற்கும் ஒரு குழந்தை கருவியாகிவிடக் கூடும்.

அப்படியானால் பெற்றோர் தம் கொள்கைப்படி பிள்ளை வளர்க்கவே கூடாதா? அதுவும் சரியன்று. பள்ளிக்கு அனுப்புவதும் ஒரு கொள்கைதான். பலர் அனுப்புகிறார்கள் என்பதால் அது கொள்கையாகத் தெரிவதில்லை, அவ்வளவே. ஐந்து வயதுக் குழந்தையிடம் வாழ்க்கைத் திட்டத்தைக் கேட்டு முடிவெடுக்க முடியாது. பெற்றோர் முடிவெடுத்தே ஆக வேண்டும். எப்படி எடுத்தால் அது பிள்ளையின் மீது ஏற்றிவைத்த சுமையாகாமல் இருக்கும்?

இதற்கான விடையின் ஒரு பகுதி காந்திஜியின் வாழ்விலேயே இருக்கிறது. 1910-இல் நண்பர் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், டால்ஸ்டாய் பண்ணை உருவாயிற்று. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களில் தமிழர் பலர். காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்திஜி கற்றார். காந்திஜியிடம் பிள்ளைகள் கற்றார்கள். ஆசிரியர் செய்யாத எதையும் மாணவர் செய்ய வேண்டியதில்லை என்பது பண்ணையின் விதி. குழி தோண்டுவதானாலும் மரம் வெட்டுவதானாலும் ஓர் ஆசிரியர் உடன் நின்று வேலை செய்வார். பிற்பகலில்தான் ஏட்டுப் பாடம். உழைத்த களைப்பில் பிள்ளைகளோடு ஆசிரியரும் தூங்கி விழுவதுண்டு!

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பித்தவரும் அவரே. போப் எழுதிய கையேட்டைக் கொண்டு தாம் கற்ற சிறிது தமிழே அவரது மூலதனம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அப்பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேச்சில் அவரை எளிதில் வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால் அந்தச் சிறுவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையை அவர் அவர்களிடம் மறைக்கவில்லை. (மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள நமக்கு இந்தக் காட்சியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.) அங்கே விலையைப் பெரியவரும் சிறியவரும் சேர்ந்தே தந்தார்கள்.

கைவேலையின் சிறப்பும் இங்கேதான் புலப்படுகிறது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டிலும், அதைத் தொடர்ந்து டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்திலும், கைத்தொழில் கல்வியின் நடுவிடத்தைப் பெற்றது. பொருளாதாரக் காரணங்கள் பலவற்றை அப்போது விவாதித்தார்கள். வீட்டிற்கு வேறொரு காரணமும் பொருந்தும். எழுத்தும் கணக்கும் கற்பிக்கும்போது 'தவறு' என்று சொல்ல வேண்டியவர் தாய். அன்பு காட்டும் அதே முகம் மதிப்பெண்ணும் இடுகிறது. அந்த முகத்திலிருந்து தப்பிச் செல்லக் குழந்தைக்கு வேறு வீடும் இல்லை. கைவேலையில் தவறைச் சொல்வது பொருள். நூல் அறுந்தால் நூல் சொல்கிறது. மண் வெடித்தால் மண் சொல்கிறது. அதில் யாருடைய மனவருத்தமும் கலந்திருக்கவில்லை. ஈரக்கையோடு இரவில் வந்து துதிக்கையை நிமிர்த்தியபோது, அந்தத் தாய் மண்ணின் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டுவிட்டார்.

குழந்தையைக் களிமண்ணுக்கு ஒப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. விரும்பிய வடிவம் கொடுக்கலாம் என்பது கருத்து. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகரும் களிமண்ணைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் மகன் சுவேதகேதுவை அவர் களிமண்ணாகக் கருதவில்லை. பன்னிரண்டு வயதில் மகனை வெளியே குருகுலத்திற்கு அனுப்பினார். இருபத்து நான்கு வயதில் எல்லாம் கற்றுவிட்டேன் என்ற செருக்கோடு அவன் திரும்பிய பின்புதான் வீட்டுப் பாடம் தொடங்குகிறது. ஆலம்பழத்தைக் கொண்டு வரச் சொல்கிறார், உடைக்கச் சொல்கிறார், என்ன தெரிகிறது என்று கேட்கிறார். உப்பை நீரில் இடச் சொல்லி, மறுநாள் அந்த நீரை மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சுவைக்கச் சொல்கிறார். ஒவ்வோர் உவமை முடிந்ததும் தந்தை நிறுத்திவிடுகிறார். இன்னும் விளக்குங்கள் என்று மகன் வேண்டிய பிறகே அடுத்ததைத் தொடங்குகிறார். மீண்டும் மீண்டும் இப்படியே நடக்கிறது. அதன் பொருளைத் தத்துவ மாணவர்கள் நூற்றாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். மகன் கேட்கும்வரை காத்திருந்த அந்த இடைவெளிகளை யாரும் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தத் தாய்க்கு இவற்றையெல்லாம் எழுதவில்லை. மகளிடம் கேட்டீர்களா என்று மட்டும் எழுதினோம். அண்மையில் பதில் வந்தது. செய்ததற்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டாராம். அவள் பழையதைத் தொடாமல், மீதியிருந்த மண்ணில் உள்ளங்கை அளவில் இன்னொரு பிள்ளையார் செய்தாளாம். பூஜைக்கு இரண்டையும் வைத்தார்களாம். பிறகு ஒரு நாள் அவளே, தெருமுனைப் பள்ளியில் மணி அடித்ததும் குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். தம்பிக்கு அதில் அக்கறை இல்லை. வருகிற ஜூனில் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பள்ளியைக் காட்டிவரப் போவதாக எழுதியிருக்கிறார்.